கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, வேறெங்கும் புழங்கவில்லை. கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தபடியே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். கழுத்தை நீட்டி நீட்டித்தான் அந்தப் பெயர் வந்தது. அதே கழுத்தால் அந்த வேலையும் போனது. எலும்பு தேய்ந்துவிட்டது, இனி மேலே ஏறக்கூடாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கீழே இறக்கி, ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்கியது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. மேலே இருந்தவரைக்கும் பேச்சு என்றால் வாக்கிடாக்கியில் வந்துபோகும் நாலைந்து சொற்கள்தான். இடது. நில். இறக்கு. போதும். கீழே வந்து ஒரு பட்டாளத்தையே கட்டி மேய்க்க வேண்டிய நிலை வந்தபோதும் அவர் அந்த நாலைந்து சொற்களை வைத்தே குடித்தனம் நடத்தப் பார்த்தார். ஒருவன் லீவு கேட்டு வந்தால், "முடியாது." இன்னொருவன் மகள் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று வாயெல்லாம் பல்லாக வந்து நின்றால், "சரி."

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா ரெண்டு பேர் வேற ஷிப்ட் கேட்டு வந்து நிக்கிறாங்க. நீங்க முகம் குடுத்தே பேச மாட்டேங்கிறீங்களாம்."

"பேசுறதுக்கு என்ன சார் இருக்கு?"

"அதைத்தான் படிச்சுட்டு வாங்கன்னு சொல்றேன்."

ஒரு கல்லூரி நடத்தும் ஆன்லைன் வகுப்பு அது. மனிதர்களோடு பழகுவது, பேசுவது, காது கொடுத்துக் கேட்பது எல்லாவற்றையும் பாடமாக வைத்திருந்தார்கள். வாராவாரம் பார்க்க வீடியோக்கள். சனிக்கிழமை காலையில் எல்லோரும் திரையில் கூடும் நேரடி வகுப்பு. கடைசியில் ஒரு செய்முறை. புதிய சூப்பர்வைசர்கள் எல்லோரும் முடித்தாக வேண்டும்.

விஷயத்தைக் கேட்ட மனைவி, அடுப்படியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் நாலு பேரோடு பேசிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரோடு பேசுகிறவள்.

"நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே பாடத்தைத்தான் நடத்துறேன். நீங்க ஃபெயில் ஆகிக்கிட்டே இருக்கீங்க. அந்தக் காலேஜாவது பாஸ் போட வைக்குதான்னு பாப்போம்."

"ம்," என்றார் கொக்கு.

முதல் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் அவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்தது. மனைவி வந்து மூடியைச் சாய்த்துவிட்டுப் போனாள். பாடம் நடத்திய பேராசிரியை கண்ணாடி போட்ட, அவசரமே இல்லாத ஒரு பெண்மணி. ஒவ்வொருவரும் தங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். கொக்கு தன் முறை வந்தபோது, "கிரேன். இப்ப கீழ," என்று முடித்துக்கொண்டார். அவருக்கு அடுத்து பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரும் ஒரு பெண் வந்தாள். அவளை நிறுத்துவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

"எங்க டாக்டர்தான் மேடம் சேத்துவிட்டாரு. வாயைத் திறங்கன்னு நான் சொல்றதுக்குள்ள நீ அவங்க வாயை அடைச்சு அனுப்பிடுறியேன்னு சொல்றாரு. நான் என்ன மேடம் பண்றது, பயந்துபோய் வர்றவங்களுக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லலாமேன்னு ஆரம்பிப்பேன், அது எங்கயோ போய் முடியும், ஒருதடவை ஒருத்தரு பல்வலியை மறந்துட்டு எழுந்தே போயிட்டாரு..."

பேராசிரியை இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார். பேசவே பேசாதவரும் பேச்சை நிறுத்தத் தெரியாதவளும். வகுப்பே சிரித்தது.

பயிற்சி எளிமையானது. ஒருவர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வரவேற்பாளர் தன் அம்மாவுக்கும் தனக்கும் நடந்த சண்டையைக் கொட்டித் தீர்த்தாள். மூச்சு வாங்க அவள் நிறுத்தியதும், கொக்கு ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். அம்மா எந்தப் போர்வையை மடிக்கவில்லை என்று கோபித்தாள் என்பதுகூட விட்டுப்போகவில்லை.

"எப்படி இவ்வளவு அச்சு அசலா சொல்றீங்க?" என்றார் பேராசிரியை.

"வாக்கிடாக்கி பழக்கம் மேடம். கேட்டதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் கைப்பிடியைத் தொடணும். இல்லேன்னா கீழ நிக்கிறவன் நசுங்கிருவான்."

"வீட்லயும் அப்படித் திருப்பிச் சொல்லுவீங்களா?"

கொக்கு வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "நல்லாக் கேளுங்க மேடம்!" மைக் திறந்தே இருந்தது. திரையில் இருந்த அத்தனை முகங்களும் சிரித்தன. கொக்குவுக்கு அசடு வழிந்தது.

"வார்த்தை எல்லாம் சரியா வந்துச்சு," என்றார் பேராசிரியை, சிரிப்பு அடங்கியதும். "அந்தப் பொண்ணு குரல்ல என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"சத்தமா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

அதற்கு மேல் அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்து அவருடைய முறை. மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு நின்றார். வரவேற்பாளர் உடனே அந்த இடைவெளியில் புகுந்துவிட்டாள். பேராசிரியை அவளை நிறுத்தினார். "அவரு பேசுறவரைக்கும் யாரும் பேசக்கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி." அவள் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கொக்கு நகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், பேச்சு வந்தது.

"மேல இருந்தா விடியறது முதல்ல நமக்குத்தான் தெரியும். கீழ இன்னும் லைட் எரிஞ்சிக்கிட்டிருக்கும். கடல் பக்கம் ஒரு கோடு மாதிரி வெளுக்கும். அப்ப ஒரு நிமிஷம் கிரேனை நிறுத்திட்டுப் பாப்பேன். யாருக்கும் தெரியாது. இப்ப... இப்ப கீழதான் நிக்கிறேன். எல்லாரோடயும் சேந்து எனக்கும் விடியுது. அவ்வளவுதான்."

மனைவி கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அன்று மத்தியானம் சோறு போடும்போது, "இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

"நீ கேக்கலையே," என்று சொல்லவந்து, அதை மென்று விழுங்கிவிட்டு, "தெரியல," என்றார். அது உண்மையாக இருந்தது.

வேலையிடத்தில் பாடத்தைப் பரீட்சித்துப் பார்த்ததில் முதலில் கேலிக்கூத்துதான். லீவு கேட்டு வந்தவனிடம், "நீங்க லீவு வேணும்னு சொல்றீங்க, அப்படித்தானே?" என்று கேட்டார். அவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். "ஆமாண்ணே. அதைத்தானே சொன்னேன்?" அன்று முழுக்க ஆளுக்கு ஆள், "நீ டீ வேணும்னு சொல்ற, அப்படித்தானே?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். கொக்கு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த முறை, "எதுக்குப்பா லீவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்று அவன் சொன்னான். கொக்கு ஆள் மாற்றிப் போட்டுக் கொடுத்தார். கிண்டல் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. ஷிப்ட் மாற்றம் கேட்டிருந்த இருவரில் ஒருவன் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டான்.

ஆனால் ஒரே ஒருவனிடம் மட்டும் எந்தப் பாடமும் பலிக்கவில்லை. விசில்.

விசில் சிக்னல்மேன். கிரேனுக்குக் கீழே நின்று, எங்கே இறக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கையாலும் வாக்கிடாக்கியாலும் சொல்கிறவன். வாக்கிடாக்கி வருவதற்கு முன்னால், இரண்டு விரலை வாயில் வைத்து அவன் ஊதினால் கப்பலின் மறுமுனைவரைக்கும் கேட்கும். கொக்கு மேலே, விசில் கீழே என்று வருஷக்கணக்கில் ஓடிய வண்டி அது. இரண்டு குடும்பமும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு வளர்ந்தவை.

கொக்குவுக்குப் பதவி வந்ததிலிருந்து விசில் மாறிப்போனான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. எதிரே வந்தால் ஒரு தலையசைப்போடு சரி. கேன்டீனில் எல்லோரும் உட்காரும் மேசையை விட்டு, கோடியில் சுவரை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொள்கிறான். "அவனுக்கு வரும்னு நெனச்ச பதவி, உனக்குக் கிடைச்சிருச்சுல்ல? வயித்தெரிச்சல்," என்று ஊர் சொன்னது. கொக்குவும் நம்பினார். நம்பியதும் அவருக்கும் வீம்பு ஏறிக்கொண்டது. அவனே வரட்டும் என்று இருந்துவிட்டார்.

கடைசி வகுப்புக்குச் சில வாரம் முன்பு பேராசிரியை செய்முறையைச் சொன்னார். "தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கிற ஒரு பேச்சு எல்லார்கிட்டயும் இருக்கும். அதைப் பேசிட்டு வாங்க. ஜெயிச்சுட்டு வரணும்னு இல்ல. பேசிட்டு வரணும்."

அந்த வாரப் பயிற்சியில் வரவேற்பாளர், "உங்களுக்கு யாருண்ணே?" என்று கேட்டாள். அவர் விசிலைப் பற்றிச் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. முன்னைப் போல இல்லை இப்போது. உதட்டைக் கடித்துக்கொண்டாவது கேட்கக் கற்றிருந்தாள்.

"உங்கமேல கோபம்னு அவரு சொன்னாரா?"

"சொல்லணுமா? தெரியுதே."

"எப்படித் தெரியுது?"

"கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறான். கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கிறான்."

"அப்ப அவரு ஒண்ணுமே சொல்லல. எல்லாம் நீங்களா நெனச்சுக்கிட்டதுதான். சரியாச் சொல்றேனாண்ணே?"

கொக்குவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள்ளேயே சற்று நேரம் நடந்தார். ஆனாலும் வீம்பு வீம்புதான்; அந்தப் பேச்சை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்டார்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. நல்ல வெயில் வேளை. ஒரு கன்டெய்னர் கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்ற லாரியில் கன்டெய்னரைப் பிடிக்கும் பூட்டு சரியாக விழவில்லை என்று, விசில் மேலே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தொழிலாளி லாரித் தட்டின்மேல் ஏறிவிட்டான். தூரத்தில் இருந்த கொக்கு அதைப் பார்த்துவிட்டு வாக்கிடாக்கியில் கத்தினார். "இறக்காத! ஆள் நிக்கிறான், இறக்காத!" விசில் வாக்கிடாக்கியைக் காதில் வைத்தான், மேலே பார்த்தான், இறக்கு என்று கையைக் காட்டினான்.

சூப்பர்வைசரின் அலைவரிசை சிக்னல்மேனுக்கு மட்டும்தான்; கிரேனில் இருந்தவர் விசிலின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கொக்கு இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசியபடி ஓடிவந்தது கண்ணில் பட, கைப்பிடியை இழுத்துவிட்டார். கன்டெய்னர் லாரித் தட்டில் நின்றவனின் தலைக்குமேல் ஆடிக்கொண்டு நின்றது. அவன் கீழே குதித்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கூட்டம் கூடியது. "வேணும்னே பண்ணிட்டான்யா. சூப்பர்வைசர் சொன்னாக் கேக்கக் கூடாதுன்னு வீம்பு," என்று யாரோ சொன்னார்கள். மேனேஜர் விசிலை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டு, கொக்குவிடம் வந்தார். "நீங்க பேசிட்டு வந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. நாளைக்குக் காலையில நான் ஒரு முடிவு எடுக்கணும்."

பழைய கன்டெய்னர் ஒன்றில் ஜன்னல் வெட்டி ஓய்வறை ஆக்கியிருந்தார்கள். விசில் அங்கே தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. கொக்கு எதிரே உட்கார்ந்து, வகுப்பில் படித்த வாக்கியத்தை எடுத்துவிட்டார்.

"நீ அப்படிச் செஞ்சப்ப எனக்கு வருத்தமா இருந்துச்சு. ஏன்னா, எல்லாரோட பாதுகாப்பும் எனக்கு முக்கியம்."

"என்னடா, நாடகத்துல வசனம் பேசுற மாதிரி பேசுற?" என்றான் விசில்.

கொக்கு எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே லாரிகள் இரைந்துகொண்டு போயின. இவனிடம் படித்தது ஒன்றும் உதவாது என்று தோன்றியது. வெளியே பார்த்தபடியே, கேட்கத் துணியாமல் இருந்ததைத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மச்சான், என்மேல அவ்வளவு கோவமா?"

பதில் இல்லை. காத்திருந்தார். பேசுகிறவரைக்கும் பேசக்கூடாது என்று பேராசிரியை சொல்லியிருக்கிறாரே. மேலும் காத்திருந்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். விசில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. எதையும் கேட்டிராதவனின் முகம் அது. இவர் எப்போது பேசுவார் என்று காத்திருக்கிற முகம்.

கொக்கு கிட்டே வந்தார்.

"நான் இப்ப என்ன கேட்டேன்? திருப்பிச் சொல்லு."

விசில் அவர் உதட்டைப் பார்த்தான். கண்கள் அங்குமிங்கும் அலைந்தன. "டீ வேணுமான்னுதானே?" என்றான்.

கொக்கு இல்லை என்று தலையசைத்தார். விசில் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்கியது.

வலது காது போய்ப் பல மாதம் ஆகிவிட்டது. இடது காது பாதிதான். வாக்கிடாக்கியில் வருவதெல்லாம் வெறும் கரகரப்பு. உதட்டைப் பார்த்தும், கிரேன் போகிற போக்கைப் பார்த்தும் இத்தனை நாள் சமாளித்திருக்கிறான். இன்று கொக்கு கத்தியதில் அவனுக்குக் கேட்டது 'இற' மட்டும்தான்.

"கேன்டீன்ல ஏன்டா தனியாப் போய் உக்காந்த?"

"வலது பக்கம் சுவர் இருந்தா, அந்தப் பக்கத்துலேருந்து யாரும் பேச மாட்டாங்கல்ல."

"நான் என்னமோ, பதவி எனக்கு வந்துச்சுன்னு..."

"உன் கழுத்து போனதுக்கு எனக்குத்தானடா தூக்கம் போச்சு? உன்னைச் சும்மா உக்கார வெக்காம கீழ வேலை குடுத்தாங்களேன்னு நானும் என் பொண்டாட்டியும் அன்னைக்குச் சந்தோஷப்பட்டோம். சொல்ல வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கிட்ட." விசில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னைக்கு அந்த ஆள் தலைமேல விழுந்திருந்தா... நான் எப்படிடா வீட்டுக்குப் போவேன்?"

கொக்கு நாற்காலியை இழுத்து அவனுடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். விசில் பேசினான். டாக்டரிடம் போகப் பயந்தது, மனைவியிடம்கூட மறைத்தது, தொலைக்காட்சி சத்தத்துக்காக வீட்டில் தினமும் சண்டை. கொக்கு இடையே ஆறுதல் சொல்லவில்லை, யோசனையும் சொல்லவில்லை. எல்லாம் கொட்டி முடிந்தபின், "சொன்னா வேலை போயிரும்னு பயந்துக்கிட்டே தனியா இதைச் சுமந்திருக்க," என்றார். விசில் தலையாட்டினான். இந்த முறை அவர் திருப்பிச் சொன்னது அவன் வார்த்தைகளை அல்ல.

ஆனால் கசப்பான ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சுற்றி வளைக்காமல், அவன் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். "இனிமே நீ கிரேனுக்குக் கீழ நிக்கக் கூடாது. அதுல மாத்தமே இல்ல. மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லணும். நீயே சொன்னா நல்லது."

விசில் எழுந்துவிட்டான். "இதுக்குத்தான் காலேஜ்ல சேந்து படிச்சியா? வாயைப் பிடுங்கிட்டு என்னை மாட்டிவிடவா?" கதவை அறைந்துகொண்டு போய்விட்டான்.

அன்று வீட்டுக்கு வந்த கொக்கு, கேட்காமலே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "பேசிட்டேன். ஜெயிச்ச மாதிரி தெரியல." அவள் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கழுத்தில் மருந்தைத் தேய்த்துவிட்டபடி முழுக்கக் கேட்டாள்.

காலையில் மேனேஜர் அறை வாசலில் விசில் நின்றிருந்தான். கூடவே அவன் மனைவி. அழுது வீங்கிய கண்களோடு, அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி இவகிட்ட சொல்லிட்டேன்," என்றான் விசில். "உள்ள நானே பேசுறேன். நீ இடது பக்கம் நில்லு."

உள்ளே மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார். விசில் திகைத்தான். "சார்," என்றார் கொக்கு, "அவரு முகத்தைப் பாத்துப் பேசுங்க. உங்க உதடு தெரியணும்." மேனேஜர் நாற்காலியை முழுக்கத் திருப்பிக்கொண்டார். விசில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று ஆரம்பித்த மேனேஜர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "சொல்ற மாதிரி நாங்களும் வெச்சுக்கலைன்னு நினைக்கிறேன்," என்றார்.

தண்டனை இல்லாமல் போகவில்லை. ஒரு எச்சரிக்கை எழுதினார்கள். சிக்னல் வேலை பறிபோனது. சிக்னல்மேனின் பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விசில் நேராக வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் வாசலில் வந்துபோகும் கன்டெய்னர்களைக் கேமராத் திரையில் சரிபார்க்கும் அறையில் அவனுக்கு இடம் கிடைத்தது. அங்கே கண்தான் வேலை பார்க்க வேண்டும். துறைமுகத்தில் வேலை செய்த எல்லோருக்கும் காது பரிசோதனை வைத்தார்கள். இரைச்சலில் வேலை செய்து காது மந்தமான வேறு சிலரும் அப்போதுதான் வெளியே தெரிந்தார்கள். அவர்களும் அதுவரை மூச்சு விட்டிருக்கவில்லை.

கொக்கு வகுப்பில் தேறிவிட்டார், முதல் மதிப்பெண்ணெல்லாம் இல்லை. பேச்சு ஒழுங்காகப் போகவில்லை, நண்பன் கதவை அறைந்துவிட்டுப் போனான் என்று நடந்ததை அப்படியே எழுதியிருந்தார். கடைசி வகுப்பில் அவர் அதைப் படித்துக் காட்ட, வரவேற்பாளர் கேட்டுவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேராசிரியை அவளுக்குக் கைதட்டினார்.

சில வாரம் கழித்து, கேன்டீனில் விசில் காதுக் கருவியோடு வந்து உட்கார்ந்தான்.

"ஒரு பிஸ்கட்டைக் கடிச்சாக் கல்லுடைக்கிற மாதிரி கேக்குது. பொண்டாட்டி குரல் நான் நெனச்சுக்கிட்டிருந்ததை விட நல்லா இருக்கு. ஆனா கூட்டத்துல இன்னும் ஒண்ணும் வெளங்கல."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிறதை முறையாச் சொல்லித் தர ஆன்லைன் வகுப்பு இருக்காம். சேரச் சொல்றாரு." விசில் டம்ளரை மேசைமேல் உருட்டினான். "கூடப் பழக யாராவது இருந்தா நல்லதாம். தனியாத் திரை முன்னாடி உக்கார எனக்கு ஒரு மாதிரியா இருக்குடா."

கொக்கு டீயைக் கீழே வைத்தார். உதடு நன்றாகத் தெரியும்படி அவன் பக்கம் திரும்பினார்.

"என்னைக்கு ஆரம்பிக்குது?"